சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போனவனுக்கு

சேலம் அம்மாபேட்டையில் பிறந்து, என்னோடு ஒரே தட்டில் பட்டாளத்துச் சோறு தின்ற என் பங்காளி குமரேசனுக்கு,

நீ போய்ப் பதினாறு நாள் தாண்டிவிட்டது. உன் கருமாதி அன்று நானும் இங்கே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். அதுவரைக்கும் கோயில் வாசலை மிதிக்கவில்லை. பெரியவன் வீட்டில் பேரனுக்கு மொட்டை போட்டார்கள், அதற்கும் போகவில்லை. "உங்களுக்கு எதுக்குங்க மாமா தீட்டு? அவிய வேற சாதி, நாம வேற சாதியில்லீங்களா?" என்று மருமகள் கேட்டாள். பங்காளிக்குத் தீட்டு உண்டு சாமி என்றேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். பட்டாளத்தில் என் வீட்டுக் கடுதாசி எல்லாம் நீதான் எழுதினாய், நான் சொல்லாததையும் நாலு சேர்த்து. இப்போது எழுதுகிறவர் மல்லசமுத்திரம் சந்தைக்கு எதிரே கடை வைத்திருக்கும் டெய்லர். நம் பழைய பட்டாளத்துக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு மலர் போடுகிறார்களே, அதில் இதை அச்சடிக்கப் போகிறார்களாம். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே நடுநடுவே சொல்ல வேண்டிவரும். கோவித்துக்கொள்ளாதே.

கெட்ட சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். சாகும் முன்னால் நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு உன் வீட்டிலிருந்து கிளம்பும்போது, வாசலில் நின்று "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். சரி என்று உன் கையைப் பிடித்துச் சொன்னேன். குமரேசா, நான் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

படிக்கிறவர்களுக்கு இது பைத்தியக்கார ஆசையாகத் தெரியும். சாவு வீட்டில் எவன் சொல்லிக்கொண்டு கிளம்புவான்? வருகிறோம், அழுகிறோம், எழுந்து திரும்பிப் பார்க்காமல் போகிறோம். 'வாரேன்' என்றால் அதே வாசலுக்கு அதே காரியத்துக்கு இன்னொரு முறை வருவேன் என்று ஆகிவிடும். நீயும் அதைக் கேட்டு வளர்ந்தவன்தான். உன்னை மாற்றியது கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு மாகாணம். இன்றைக்கு அந்தப் பேரில் ஒரு மாகாணமும் இல்லை. அதன் கதையைச் சொல்லாமல் உன் கதையைச் சொல்ல முடியாது.

இத்தாலியில் சண்டை போட்டுக்கொண்டிருந்த நம்மைக் கப்பலேற்றிக் கிரேக்க நாட்டில் சலோனிகா என்ற ஊரில் இறக்கினார்கள். ஜெர்மன்காரன் வடக்கே ஓடிவிட்டிருந்தான். ஓடுகிற அவசரத்திலும் ஒரு பாலம் விடாமல் உடைத்துப்போட்டிருந்தான். நம்முடையது பாலம் கட்டும் பட்டாளம். வடக்கே மலை நாட்டிலிருந்து இறங்கிவரும் வர்தார் என்ற ஆற்றின் மேல் நமக்கு வேலை. நம் காவேரியில் பாதி இருக்கும். ஆனால் அந்தத் தண்ணீரில் காலை வைத்தால் கால் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டும். இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வரும்.

அங்கே கூலிக்கு வந்தவர்களில் ஒருவன்தான் ரிஸ்தோ. நம்மைவிட மூத்தவன். கொத்து வேலை தெரிந்தவன். அவன் கிரேக்கன் இல்லை, வடக்கே எல்லைக்கு அப்பால் பித்தோலா என்ற ஊர்க்காரன். அவன் பேச்சு நமக்கு முக்கால்வாசி புரிந்தது எப்படி என்று டெய்லர் கேட்கிறார். பித்தோலாவில் அவன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் யூதர்கள் இருந்தார்கள். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு வந்த சனம். வீட்டுக்குள் அந்தப் பழைய ஸ்பெயின் பேச்சைத்தான் பேசுவார்களாம். அதை அவன் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டே பழகியிருந்தான். நாம் இத்தாலியில் பொறுக்கிக்கொண்டு வந்த பேச்சும் அதற்கு அக்கா தங்கச்சி மாதிரிதான். மிச்சத்தைக் கையால் பேசினோம். அவன் சொன்னதை நம் பேச்சிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதல் நாள் நீ அவனிடம் எந்த நாடு என்று கேட்டாய். அவன் திருப்பிக் கேட்டது உனக்கு நினைவிருக்கும்.

"எந்த வருசத்துல கேக்கறே?"

நீ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாய். அவன் சிரிக்கவில்லை. ஆற்றங்கரைக் கூழாங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துச் சொன்னான். பிறந்தபோது துருக்கி சுல்தான். பிறகு தெற்கு செர்பியா என்று சொல்லிக்கொண்டு செர்பிய ராசா. முதல் யுத்தத்தில் பல்கேரியாக்காரன் வந்தான், போனான். மறுபடியும் ராசா. வீடு அதே வீடு. கிணறு அதே கிணறு.

பிறகு வந்த ராசா ஒருநாள் நாடாளுமன்றத்தை மூடிவிட்டு நாட்டின் பேரையே மாற்றினார். யுகோஸ்லாவியா என்று வைத்தார். பழைய சீமைகளின் பேர் எவன் வாயிலும் வரக்கூடாது என்று நாட்டை ஒன்பது துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆற்றின் பேரை வைத்தார். கடலோரத்துத் துண்டுக்கு மட்டும் கடலோரம் என்றே பேர். தெற்குக் கோடியில் இருந்த துண்டு வர்தார் பானோவினா. பானோவினா என்றால் மாகாணம். அதை ஆள ராசா அனுப்பும் அதிகாரிக்குப் பான் என்று பட்டம். ஸ்கோப்யே என்ற ஊர் தலைநகரம். ரிஸ்தோவின் ஊர், அதற்கு வடக்கே செர்பியாவின் தென்பக்கம் கொஞ்சம், கொசோவோப் பக்கம் கொஞ்சம், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே முடிச்சாகக் கட்டிவிட்டார்கள்.

"உங்க ஊர்ல இந்த ஆறு ஓடுதா?" என்று கேட்டாய்.

இல்லையாம். அவன் ஊரில் ஓடுவது ஒரு சின்ன ஓடை. அது போய் இன்னொரு ஆற்றில் விழுந்து, அந்த ஆறு போய் வர்தாரில் விழுமாம்.

நீ என் பக்கம் திரும்பினாய். "பங்காளி, நம்ம திருமணிமுத்தாறு போயிக் காவேரியில உழுகுதுங்கறதுக்காக அம்மாபேட்டைக்குக் காவேரின்னு பேரு வெச்ச கதையால்ல இருக்குது."

அதை அவனுக்கும் சொல்லிப் புரியவைத்தாய். அன்றைக்குத்தான் அவன் முதல் முறையாகச் சிரித்தான். சிரித்துவிட்டுச் சொன்னான்: "ஆத்துக்குச் சாதியில்ல, மதமில்ல, யாருக்கும் நோவாதுன்னாங்க. அந்தப் பேரைச் சொல்லிக்கிட்டு வந்த போலீசுக்கு எல்லாம் இருந்துச்சு."

அவன் அம்மா பேசிய பேச்சைப் பள்ளிக்கூடத்தில் பேசினால் அடி. அப்படி ஒரு பேச்சே கிடையாது, நீங்கள் பேசுவது கெட்டுப்போன செர்பிய பாஷை என்று வாத்தியார் சொல்வாராம். குடும்பப் பேரின் வாலை நறுக்கிவிட்டு ஆபீசில் வேறு வால் ஒட்டிக் கொடுத்தார்கள். தாத்தன் கல்லறையில் ஒரு பேர், பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பேர். நல்ல நிலமாகப் பார்த்து வடக்கிலிருந்து வந்தவர்களைக் குடிவைத்தார்கள். அந்தச் சீமைக்காக ரகசியமாகச் சண்டை போட்ட கூட்டத்தில் ஒருவன், ராசாவை வேறு நாட்டுத் துறைமுகத்தில் வைத்துச் சுட்டுக் கொன்றான். அதனாலும் ஒன்றும் மாறவில்லை. அடிதான் கூடிற்று.

அப்புறம் ஜெர்மன்காரன் வந்தான். சில நாளிலேயே மாகாணம் போயிற்று. பன்னிரண்டு வருஷம்கூட நிரம்பவில்லை. மேற்கே கொஞ்சத்தை இத்தாலிக்காரன் எடுத்துக்கொண்டான். மீதியில் பெரும்பகுதிக்குள் பல்கேரியாப் பட்டாளம் வந்தது. பான் போய்த் தொலைந்தான் என்ற சந்தோஷத்தில் ஊர்ச் சனம் பூவை எடுத்துக்கொண்டு எதிர்கொண்டு போனதாம். ரிஸ்தோவும் பூவோடு போனான். அதைச் சொல்லும்போது கையை மண்ணில் தேய்த்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்துத் தெரியாதவனுக்குக் கண்தானே புத்தகம், எல்லாம் அப்படியே நிற்கிறது.

வந்தவர்கள் பேரின் வாலை மறுபடியும் மாற்றினார்கள். பள்ளிக்கூடத்தில் இன்னொரு பாஷை. அதெல்லாம் பழகிவிட்டது என்றான். இரண்டு வருஷம் கழித்து ஒரு விடியற்காலையில் போலீஸ் வந்து யூதர்கள் தெருவை வளைத்தது.

அடுத்த வீட்டுக்காரன் பேர் மோஷே. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவன். மனைவி, மூன்று பெண் பிள்ளைகள். அந்த மோஷேவுக்கு ஒரு வழக்கம். தினம் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ரிஸ்தோவின் கதவை விரலால் தட்டி, "நான் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போவான். ரிஸ்தோ உள்ளே இருந்து "நல்லபடியா வா" என்பான். இவன் அப்பனும் அவன் அப்பனும் அப்படித்தானாம்.

அன்றைக்கு மூட்டையும் குழந்தைகளுமாகத் தெருவில் இழுத்துக்கொண்டு போகிறார்கள். போலீஸ்காரன் தள்ளுகிறான். அந்த நெரிசலிலும் மோஷே ஒதுங்கி வந்து கதவைத் தட்டினான். "நான் போறேன்" என்றான். கதவுக்குப் பின்னால் ரிஸ்தோ நின்றுகொண்டிருந்தான். மூச்சு விடவில்லை. மோஷே இன்னொரு முறை தட்டினான். பிறகு தட்டவில்லை.

ஸ்கோப்யேயில் புகையிலைக் கிடங்கு ஒன்றில் அவர்களை அடைத்து வைத்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை. அங்கிருந்து ரயிலில் ஏற்றினார்கள். ரயில் தெற்கே போயிற்று என்று எவனோ சொன்னதைக் கேட்டு ரிஸ்தோ மலையில் நடந்து எல்லை தாண்டிச் சலோனிகாவுக்கு வந்தான். வந்து பார்த்தால் அங்கேயும் அதே ரயில், அதே சனம். பித்தோலா ரயில் வடக்கே போலந்துக்குப் போயிருந்தது. போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை என்பது நாம் அவனைப் பார்த்த காலத்துக்குள் தெரிந்துவிட்டது.

அதைக் கேட்டு உனக்கு மனசு பொறுக்கவில்லை. நீ நல்லது என்று நினைத்துத்தான் சொன்னாய். எங்கள் ஊரில் சாவு வீட்டில் யாரும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டோம், அந்தப் பக்கமும் பதில் சொல்ல மாட்டார்கள், அதுதான் முறை, நீ பேசாமல் இருந்ததில் தப்பில்லை என்று தடவித் தடவிச் சொன்னாய். நம் ஊர்க்காரன் ஒருவனுக்குத்தான் அப்படி ஓர் ஆறுதல் வாயில் வரும்.

ரிஸ்தோ சட்டியைத் தீயிலிருந்து இறக்கி வைத்தான்.

"அப்ப அது சாவு வீடு இல்ல" என்றான். "அவங்க உசுரோட இருந்தாங்க."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. சட்டியில் இருந்த சுடுதண்ணீரில் உனக்கும் கொஞ்சம் ஊற்றினான். ஆனால் அன்றிலிருந்து நீ வேறு ஆள், குமரேசா. இரும்பைத் தூக்கிக்கொண்டு நடுவழியில் நின்றுவிடுவாய். பாலம் முடிந்து நம்மைக் கூட்டிப்போக லாரி வந்தபோது, கரையில் அவன் நிற்பதைப் பார்த்துவிட்டு லாரியை நிறுத்தச் சொல்லி ஹவில்தாரிடம் திட்டு வாங்கினாய். இறங்கி ஓடி அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, போய்வருகிறேன் என்று சொன்னாய்.

"நீ வரமாட்டே" என்றான் ரிஸ்தோ. "ஆனாலும் சொன்னே."

அவன் என்ன ஆனான்? நாம் கப்பலேறிய பிறகு கிரேக்க நாட்டுக்காரர்கள் அவர்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். எல்லை மூடிவிட்டது. ஸ்கோப்யேயில் பூகம்பம் வந்த வருஷம் ரேடியோவில் கேட்டுவிட்டு முதல் பஸ் பிடித்து மல்லசமுத்திரம் வந்தாய். களத்தில் கடலைக்காய் காய்ந்துகொண்டிருந்தது. அதை மிதித்துக்கொண்டே வந்து, "பங்காளி, அந்தக் கிடங்கும் இடிஞ்சிருக்குமா?" என்று கேட்டாய். எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் கடலைக்காய் உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யுகோஸ்லாவியாவின் பெரிய தலைவர் செத்த அன்றைக்கும் வந்தாய். "இனி அந்தக் கூழாங்கல்லு எல்லாம் மறுபடியும் உருளும் பாரு" என்றாய். தர்மபுரியைப் பிரித்தபோதும், ஈரோட்டுப் பக்கத்தைத் தனி மாவட்டமாக்கியபோதும் ஊரே பெருமை பேசியது. நீ மட்டும், "நம்ம சில்லாவுக்கு ஆத்துப் பேரு வெச்சாங்கன்னா சொல்லு, நான் மூட்டையக் கட்டிக்கறேன்" என்றாய். கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊருக்கு வந்த பிறகு நீ செய்ததைத்தான் யாராலும் பொறுக்க முடியவில்லை. எந்த வீட்டு எழவுக்குப் போனாலும், எல்லோரும் பேசாமல் கலையும்போது நீ ஒருவன் வாசலில் நின்று, உள்ளே பார்த்து, "போயிட்டு வாரேன்" என்றாய். முதலில் பட்டாளத்துக் கிறுக்கு என்று விட்டார்கள். நீ அப்படிச் சொன்ன ஒரு வீட்டில் அந்த மாசமே இன்னொரு சாவு விழுந்தது. கிழவர்தான், எப்போதோ போக வேண்டியவர். அதற்கப்புறம் உன் தெருவில் எவனும் உனக்குச் சாவுச் சேதி சொல்லிவிடுவதில்லை. சங்குச் சத்தம் கேட்டுத்தான் நீயாகப் போவாய். உன்னைப் பார்த்ததும் பொம்பளைகள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார்கள்.

உன் அண்ணன் செத்தபோது உன் அண்ணி உன்னை வாசலிலேயே மறித்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். "எம் புருசனை எமன் கொண்டுக்கிட்டுப் போயிட்டான். எம் பசங்களையாச்சும் உட்டுட்டுப் போங்க. போறப்ப வாயத் தொறந்தீங்கன்னா நல்லாருக்காது, சொல்லிட்டேன்." நீ தலையாட்டினாய். கூட்டம் கலையும்வரை ஓரமாக உட்கார்ந்திருந்தாய். பிறகு எழுந்து போய், அண்ணன் படுத்திருந்த இடத்தைப் பார்த்து, உதடு மட்டும் அசைகிற மாதிரி சொன்னாய். அவள் பார்த்துவிட்டாள். வாசல் தெளிக்கக் கரைத்து வைத்திருந்த சாணித் தண்ணீரை எடுத்து அப்படியே உன் தலையில் ஊற்றினாள்.

நனைந்த வேட்டியோடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாய். "வாசலுக்கு வெச்ச தண்ணி பங்காளி. நான் வாசல்ல நின்னேன். அவிய சரியாத்தான் தெளிச்சிருக்காங்க" என்றாய். நான் சிரித்துத் தொலைத்தேன். நீயும் சிரித்தாய். அப்புறம் உன் தோள் குலுங்குவது நிற்கவே இல்லை.

முருகேசன் உன்னோடு பேசாமல் இருந்த காலமும் உண்டு. உன் மகன், ஒரே மகன். அவனுக்குப் பெண் கேட்டுப் போன இடமெல்லாம் மாமனாரைப் பற்றித்தான் பேச்சு. கடைசியில் குமாரபாளையத்தில் கோமதி கிடைத்தாள். வந்த நாளிலிருந்து உன்னை அப்பா என்றுதான் கூப்பிட்டாள், மாமா என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அவளுக்கு முதல் குழந்தை பிறக்கும்போதே போயிற்று. இரண்டாவது தவழ ஆரம்பித்த பிறகு காய்ச்சலில் போயிற்று. தெரு முழுக்க ஒரே பேச்சு. தாத்தன் நாக்குதான் தின்றது என்றார்கள். உனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்கள்.

இரண்டாவது குழந்தையைப் புதைத்த பிறகு நீ எந்தச் சாவுக்கும் போகவில்லை. போனால் சொல்லாமல் இருக்க முடியாது என்பதால் போகவே இல்லை. சேக்காளி செத்தான், தறிக்காரப் பெரியவர் செத்தார், நீ கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாய். அந்த நாட்களில் உன்னைப் பார்க்க வந்தபோதெல்லாம் எனக்கு ரிஸ்தோவின் நினைவுதான் வரும். உன்னிடம் சொல்லவில்லை.

கடைசியாக வந்தபோது உனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. காலமெல்லாம் தறியில் உட்கார்ந்ததில் பஞ்சுத் தூசி நெஞ்சில் கட்டிவிட்டது என்றார் டாக்டர். கோமதி கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மூன்றாவது முறையாக வயிற்றில் இருந்தது. அவள் அந்தப் பக்கம் போகும்வரை காத்திருந்து என் கையைப் பிடித்தாய்.

"நான் நிறுத்திட்டேன் பங்காளி, அந்தப் புள்ளைக்காக. ஆனா என்னையத் தூக்கிட்டுப் போன பொறவு எல்லாவனும் வாயப் பொத்திக்கிட்டுக் கலைவானுங்கன்னு நெனச்சாத்தான் பயமா இருக்குது. நீ ஒருத்தன் சொல்லிட்டுப் போ. எனக்குக் கேக்காதுன்னு தெரியும். நீ சொல்லு."

சரி என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

நீ போன சேதி வந்ததும் பஸ் ஏறினேன். உன் தெருவில் தறிச் சத்தம் நின்றிருந்தது. உன்னோடு பேசாதவர்களும் வந்திருந்தார்கள். உன் அண்ணி வந்து உன் கால்மாட்டில் உட்கார்ந்து, சாணித் தண்ணி ஊற்றிய கதையைச் சொல்லியே ஒப்பாரி வைத்தாள். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். சுடுகாட்டுக்குப் போய்க் குளித்து, ஈரத்தோடு வீட்டுக்குத் திரும்பி விளக்கைப் பார்த்தோம். இனி கிளம்ப வேண்டியதுதான். ஒவ்வொருவராகப் பேசாமல் எழுந்து போனார்கள். நான் கடைசியாக எழலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

உன் சம்சாரம் பாக்கியம் வந்து என் எதிரே நின்றாள். அழுது அழுது தொண்டை போயிருந்தது.

"அவரு உங்ககிட்ட என்ன கேட்டிருப்பாருன்னு எனக்குத் தெரியுமுங்கண்ணா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"முப்பத்தஞ்சு வருசத்துக்கு மேல கூட இருந்தவ நானு, எனக்குத் தெரியாதுங்களா? அவரு கேட்டது நாயந்தானுங்க. நானும் ஒண்ணு கேக்கறேன். சொல்லாதீங்க. கோமதிக்கு எட்டு மாசம்."

எழுந்து வாசலுக்கு வந்தேன். செருப்பைத் தேடிப் போட்டேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் திரும்பினேன். நடைக் கதவுக்குப் பின்னால் கோமதி நின்றிருந்தாள். ஊரில் இந்த நிலையில் இருக்கிறவளைச் சாவு வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள். அவள் போக மாட்டேன் என்று இருந்திருக்கிறாள், உன்னை அப்பா என்று கூப்பிட்டவள். என் முகம் வாசல் பக்கமிருந்து உள்ளே திரும்பியதைப் பார்த்ததும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டிருந்தது, குமரேசா. உனக்குக் கொடுத்த சொல். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது, நாக்கில் எமன் உட்கார்ந்திருக்கிறான் என்று நான் நம்பவில்லை. ஆனால் அவள் நம்புகிறாள். இரண்டைப் பறிகொடுத்தவள். நான் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விடுவேன். அவள் அந்தச் சொல்லை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒரு மாசம் படுத்து எழ வேண்டும்.

அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் மூச்சடக்கி நின்றவன் ரிஸ்தோ. வெளியே போனவர்கள் உயிரோடு போனார்கள். அதனால்தான் அவன் பேசாமல் இருந்தது பாவம் ஆயிற்று. இங்கே வெளியே போனவன் நீ, செத்துப் போனவன். உயிரோடு இருப்பது கதவுக்குப் பின்னால். நான் எந்தப் பக்கத்தைப் பார்த்துப் பேச வேண்டும்? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? அவளுக்காகத்தானே நீயே நிறுத்தினாய்? இல்லை, இதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானமா? பஸ்ஸில் இதையே கேட்டுக்கொண்டு வந்தேன். எனக்கு இறங்க வேண்டிய இடமும் தாண்டிவிட்டது.

திட்டுவதாக இருந்தால் திட்டு. வந்து திட்டிவிட்டுப் போனாலும் நல்லதுதான்.

இங்கே வேறு சேதி அதிகமில்லை. மழை இல்லை. கிணற்றில் தண்ணீர் போய்விட்டது, போர் போடுகிற லாரி நேற்று முழுக்கப் பக்கத்துக் காட்டில் கத்திக்கொண்டிருந்தது. புகைதான் வந்தது. முருகேசன் நேற்று ஆள் விட்டிருந்தான். கோமதி நன்றாக இருக்கிறாளாம், கால் மட்டும் வீங்கியிருக்கிறதாம். தாய் வீட்டுக்கு அனுப்பவில்லை, பெரிய ஆஸ்பத்திரி சேலத்தில்தானே என்று அங்கேயே வைத்திருக்கிறார்கள்.

இப்போது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு இது. அந்தப் பிள்ளை பிறந்து தீட்டுக் கழிந்ததும் உன் வீட்டுக்கு வருவேன். பிள்ளை பிறந்த வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்புகிறவனை யாரும் தடுக்க மாட்டார்கள். உன் வாசலில், வாயை மூடிக்கொண்டு வந்த அதே இடத்தில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்று, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன். கோமதி காதைப் பொத்தாமல் நிற்க வேண்டும். அவள் கையில் குழந்தை இருந்தால் எப்படிப் பொத்துவாள்? அது அந்தப் பிள்ளைக்குச் சொல்வதாக அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். பாக்கியத்துக்கு மட்டும் தெரியும்.

இந்த முறையும் தவறிப்போய்விட்டால்? அப்படி எல்லாம் எழுத வேண்டாம் என்கிறார் டெய்லர். எழுதுங்கள் என்றேன். அப்படி ஆனால் அது மறுபடியும் சாவு வீடு. நான் மறுபடியும் வாயை மூடிக்கொண்டுதான் வர வேண்டும். அதற்கப்புறம் உன் வாசலில் சொல்ல எனக்கு வயசு இருக்குமா என்று தெரியவில்லை. எனக்கும் இப்போது ஏற்றத்தில் ஏறினால் மூச்சு வாங்குகிறது. அதனால் அந்தப் பிள்ளை பிழைக்க வேண்டும். வேறு எதையும் நான் திருச்செங்கோட்டு மலையைப் பார்த்துக் கேட்பதில்லை.

கடுதாசியின் முடிவில் அந்தச் சொல்லைப் போட்டு முடித்துவிடட்டுமா என்று டெய்லர் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். தாளில் சொல்லித் தீர்த்துக்கொள்கிற கடன் இல்லை அது. உன் வாசலில் நின்று சொல்லும்வரை அது என் தொண்டையிலேயே இருக்கும்.

அதுவரைக்கும் சொல்லிக்கொள்ளாமல் நிற்கும்,
உன் பங்காளி,
மல்லசமுத்திரம் அர்த்தனாரி